பட்டறைக்கு அடியில் இருந்த கிணறு

சித்தப்பா, அண்ணனின் பட்டறைக்கு அடியில் கிணறு இருந்தது உங்களுக்குத் தெரியும். தெரிந்தே வாயைத் திறக்காமல் இருந்தீர்கள்.

முதலாம் ஆண்டு நினைவு மலரில் இதை எழுதலாமா என்று அண்ணி கேட்டார். வேறு எங்கே எழுதுவது? நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் கைக்கும் போய்ச் சேருகிற தாள் இது ஒன்றுதான். அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது திண்டுக்கல் நாகல் நகரில், ஓர் ஒற்றை அறை வாடகை வீட்டில். நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே அப்பா இறந்துவிட்டார். அண்ணன் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு நூற்பாலையில் மெக்கானிக்குக்குக் கையாளாகச் சேர்ந்தார். என்னைப் படிக்கவைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். அம்மா படுக்கையில் விழுந்தபோது, ஆலையில் கழித்துப் போட்ட இரும்புக் குழாய்களை வளைத்துக் கட்டில் ஒன்று செய்தார். பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும்பும். அம்மா கடைசி நாட்களில் அதில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் கிடைக்கும் பொருளைக் கண்டால் அண்ணனுக்கு வாங்கத் தோன்றாது. இதை நாமே செய்தால் என்ன என்றுதான் தோன்றும்.

அகரத்துக்குத் தெற்கே உள்ள தாத்தாவின் நிலத்தை நீங்கள்தான் பார்த்துவந்தீர்கள், சித்தப்பா. நாங்கள் டவுனில் வளர்ந்தவர்கள். பொங்கலுக்கு வந்து கரும்பு தின்றுவிட்டுப் போவோம். எந்த வரப்பு எங்கே முடிகிறது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. பாகம் பிரித்தபோது தண்ணீர் உள்ள பக்கத்தை நீங்கள் வைத்துக்கொண்டு மேட்டுக்காட்டை அண்ணனுக்குக் கொடுத்தீர்கள். "ஏலே, வீடு கட்டுறதுக்கு மேடுதேன் தோது" என்றீர்கள். அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை. சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

ஆலை வேலையை விட்டுவிட்டு அண்ணனும் அண்ணியும் அந்த மேட்டில் குடியேறினார்கள். தானே வெல்டிங் செய்த அச்சில் செம்மண்ணும் சிமெண்டும் கலந்து கல் அறுத்தார் அண்ணன். மண் சலித்துக் கொடுத்தவரும் தரை பூசியவரும் அண்ணி. கழித்துப் போட்ட பஸ்ஸின் கண்ணாடிகள் ஜன்னல்கள் ஆயின. சாணக் கிடங்கிலிருந்து அடுப்புக்கு வாயு வந்தது. விளக்கும் விசிறியும் சோலாரில் ஓடின. இங்கே கரண்ட் போய்விட்டது என்று நான் போனில் புலம்பினால், "வந்து வந்து போறதுக்கு அது என்ன ஒன் சம்பந்தியா?" என்று சிரிப்பார்.

வீட்டுக்குப் பின்னால் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு குழாய் நின்றது. அதன் வாயில் வலை கட்டியிருந்தது. நம் பக்கத்தில் தண்ணீர் வராத போர்வெல் இல்லாத காடு ஏது? இதுவும் அப்படி ஒரு செத்த போர் என்றுதான் அண்ணன் நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். செத்த போருக்குள் மழைத்தண்ணீரை இறக்கினால் நிலத்தடி நீர் ஊறும் என்று ஊரே சொல்கிறது. அதனால் அந்தக் குழாயைச் சுற்றியே தன் பட்டறைக்குச் சாய்ப்பு இறக்கினார். கூரையில் விழும் மழைத்தண்ணீர் மொத்தத்தையும் அந்தக் குழாயில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அது மூச்சுவிட்டது. இதை நான் அழகுக்காகச் சொல்லவில்லை. குழாயின் வாயில் கையை வைத்தால் சில நாள் காற்று வெளியே வந்தது, சில நாள் கையை உள்ளே இழுத்தது. மழை இல்லாத நாட்களில் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் பையை அதன் வாயில் கட்டிவைத்தார். வானம் மூடிக்கொண்டு வந்தால் பை உப்பி நிமிர்ந்து நிற்கும். வெயில் தெளிந்தால் சுருங்கிக் குழாய்க்குள் போய்விடும். அண்ணனுக்கு இது பெரிய வேடிக்கை. மழை வருமா என்று பார்க்க அதையே வைத்துக்கொண்டார். நெல் காயப்போடுகிறவர்கள் எல்லாம் அவருக்குப் போன் செய்து கேட்டார்கள்.

நீங்களும் கேட்டீர்கள், சித்தப்பா. அன்று நான் பக்கத்தில் இருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"ஏலே அப்பு, பை என்ன சொல்லுது? கடலயக் காயப்போடவா?"

"உப்பிக்கிட்டு நிக்குது சித்தப்பா. ஒங்க வயிறு மாதிரி. இன்னைக்கு வேணாம்."

சிரித்தீர்கள். அது எதனுடைய மூச்சு என்று தெரிந்துகொண்டே சிரித்தீர்கள்.

எனக்கு அந்தப் பட்டறை பிடித்ததே இல்லை. சித்திரை வெயிலிலும் அதன் தரை சில்லென்று இருக்கும். அண்ணி அங்கே உலக்கை போட்டால் சுவரில் மாட்டிய திருப்புளிகள் கிணுகிணுவென்று ஆடும். மழை நேரத்தில் ஆட்டுக்குட்டிகளை உள்ளே விட்டால் அவை சுவரை ஒட்டியே நிற்கும், நடுத்தரைக்கு வராது. நாய் மட்டும் நடுவில் வந்து ஒரு காதைத் தரையில் வைத்துப் படுத்து, எதையோ கேட்டுக்கொண்டே இருக்கும். மழைத்தண்ணீர் குழாயில் இறங்கும். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு நம் காலுக்கு நேர் கீழே, வெகு ஆழத்தில், யாரோ குடத்தைக் கவிழ்த்தது போலக் கேட்கும்.

"அண்ணே, கீழ என்னமோ இருக்கு" என்றேன்.

"தண்ணி இருக்குத்தா. அதுக்குத்தான இம்புட்டுப் பாடு" என்றார்.

புதுமனைப் புகுவிழா அன்று நீங்கள் வந்தீர்கள். அண்ணன் உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கூரைத் தண்ணீர் குழாயில் சேரும் இடத்தைக் காட்டினார். "ஒரு சொட்டு வீணாப் போகாது சித்தப்பா." நீங்கள் வாசற்படியிலேயே நின்றுவிட்டீர்கள். "நல்ல காரியம்டா" என்றீர்கள். அன்றைக்கும் உள்ளே கால் வைக்கவில்லை, அதன் பிறகு எத்தனையோ தடவை வந்தும் வைக்கவில்லை. முட்டி வலி, படி ஏறமாட்டார் என்று சித்தி சொன்னார். அந்தப் பட்டறைக்கு ஒரே ஒரு படிதான்.

போன கார்த்திகையில் அடைமழை பிடித்தது. ஒரு மத்தியானம் பட்டறைத் தரையில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடுவதை அண்ணி பார்த்தார். அண்ணன் குனிந்து காது வைத்துக் கேட்டார். முகம் மாறிவிட்டதாம். "நீ வெளிய போ" என்று அண்ணியைத் தள்ளிவிட்டு, அங்கே இருந்த சோலார் பேட்டரியின் இணைப்பைப் பிடுங்குவதற்காக உள்ளே திரும்பினார். இடிகிற சத்தம் எதுவும் வரவில்லை என்கிறார் அண்ணி. ஈரமாவில் விரல் இறங்குவது போலத் தரை இறங்கியது. அண்ணன் கூப்பிடவும் இல்லை. அண்ணி திரும்பிப் பார்த்தபோது தரை இல்லை. மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுவரில் திருப்புளிகள் அதனதன் ஆணியில் தொங்கின. கூரையோடு கட்டியிருந்த மழைத்தண்ணீர்க் குழாய் அந்தரத்தில் நின்று பள்ளத்துக்குள் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தது.

அண்ணனை மேலே கொண்டுவந்த தீயணைப்பு வீரர் ஒருவர்தான் முதலில் சொன்னார். "இது பள்ளம் இல்லம்மா, பழைய குடிதண்ணிக் கெணறு. வாயில கல்லு பாவி, மேல மண்ணப் போட்டு மூடியிருக்காங்க." வருடக்கணக்காக மூடிக்கிடந்த கிணற்றின் உள்சுவரைத்தான் கூரைத் தண்ணீர் கரைத்திருக்கிறது.

கல் பாவியவர்களில் ஒருவர் அடுத்த காட்டு அக்கா. பதினாறாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"கன்னுக்குட்டி விழுந்துருச்சுன்னு ஒங்க சித்தப்பாதேன் மூடச் சொன்னாரு. கெணத்தத் தூத்தா குடும்பத்துக்கு ஆகாதுன்னு உள்ள மண்ணு நெரப்பல. கெணறு மூச்சு விடணும்னு அந்தக் கொழாய வச்சதும் அவருதேன்."

"அண்ணங்கிட்ட ஏங்க்கா சொல்லல?"

"சொந்தச் சித்தப்பா சொல்லாமயா இருப்பாருன்னு நெனச்சுட்டோம்த்தா."

கிணறு மூச்சுவிட வழி வைத்தீர்கள், சித்தப்பா. அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. சொன்னால் மேட்டை வேண்டாம் என்பார், பாகத்தை மாற்றிக் கேட்பார் என்ற பயம். அவ்வளவுதானே?

இதைக்கூட நான் விழுங்கியிருப்பேன். ஆனால் எழவு வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டீர்கள். "கொத்தனார வைக்காம எல்லாத்தையும் நானேன்னு செஞ்சா இப்படித்தேன்." அதையே இன்று கொடைரோட்டிலிருந்து சித்தையன்கோட்டை வரை நம் சொந்தம் முழுவதும் சொல்கிறது. அண்ணன் அரைகுறை வேலைக்காரராம், தன் தலையில் தானே மண் போட்டுக்கொண்டாராம். அண்ணன் எழுப்பிய சுவர் ஒன்றுகூட விழவில்லை. அந்தப் பள்ளத்தைச் சுற்றி நாலு சுவர்களும் இன்றைக்கும் நிற்கின்றன, போய்ப் பாருங்கள். அண்ணியோ இந்த ஒரு வருடமாக, தான் பூசிய தரைதான் சரியில்லையோ என்று தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் போய்த் தங்கும் நாட்களில் ராத்திரியில் எழுந்து வந்து, "கலவைல சிமெண்டு கொறச்சுட்டேனோ?" என்று என்னைக் கேட்கிறார். நான் எத்தனை சொல்லியும் அவர் நம்பவில்லை. அவர் நம்புவதற்கு நீங்கள் சொல்ல வேண்டும்.

மழையில் கயிறு கட்டி இறங்கிய தீயணைப்பு வீரர்களுக்கும், அன்று அண்ணியைத் தன் வீட்டில் வைத்துக்கொண்ட அடுத்த காட்டு அக்காவுக்கும், காரியம் முடியும் வரை சோறும் வெஞ்சனமும் ஆக்கிக் கொண்டுவந்த அகரத்து அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்த ஆலை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பயந்தாலும் உண்மையைச் சொன்ன அந்த அக்காவுக்கு இன்னொரு முறை நன்றி.

நினைவு நாள் அன்று எல்லோரும் மேட்டுக்காட்டு வீட்டுக்கு வருவீர்கள். படத்துக்கு மாலை போட்டு முடித்ததும், சித்தப்பா, நீங்கள் எழுந்து நிற்க வேண்டும். இந்தக் கிணற்றை மூடியது யார், அண்ணனிடம் அதை மறைத்தது யார், தரை பூசியவர் மேல் குற்றம் உண்டா இல்லையா என்று அண்ணியின் முகத்தைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். பந்தியில் இலை போடுவது அதற்குப் பிறகுதான்.