டிசம்பர் வரைக்கும் ஒரு குதிரை

இக்னேசியஸைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன், என்னுடையது உட்பட. குதிரைகளின் பெயர்களைக்கூட விட்டுவைக்கவில்லை. அவனுடைய மனைவி செலீன், கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்ப் பத்திரிகைகளை மரண அறிவித்தல் முதல் வீட்டு விளம்பரம் வரை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவள்.

அவன் நெடுந்தீவுக்காரன். அங்கே குதிரைகள் கட்டாக்காலியாகத் திரிவதால், அந்தத் தீவில் பிறந்தவனெல்லாம் குதிரையேறத் தெரிந்தவன் என்று மற்ற ஊர்க்காரர் நினைப்பார்கள். இக்னேசியஸ் ஊரில் ஒரு குதிரையைத் தொட்டதும் கிடையாது. தோட்டத்துக்குள் வந்தால் கல்லெறிந்து கலைத்ததோடு சரி. கனடாவுக்கு வந்த புதிதில், றெக்ஸ்டேல் பக்கத்துப் பந்தயத் திடலில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். குதிரையோடு பழக்கம் உண்டா என்று கேட்டவர்களிடம், எங்கள் வீட்டைச் சுற்றிக் குதிரைதான் என்று சொன்னான். பொய்யில்லை. அந்த ஒரு வசனம் அவனுக்கு இருபத்திரண்டு வருடம் சோறு போட்டது.

வேலை என்ன தெரியுமா? நடப்பது. ஓடி முடித்த குதிரையை அப்படியே கட்டிப்போட்டால் தசை பிடித்துவிடும். கயிற்றைப் பிடித்து அரை மணி, நாற்பது நிமிடம் வட்டமாக நடத்தி, இடையிடையே தண்ணீர் காட்டி, சூட்டை ஆற்றித்தான் லாயத்தில் விட வேண்டும். ஒரு குதிரை முடிய அடுத்தது. நான் அந்தக் காலத்தில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கொம்பனியில் இருந்தேன். ஸ்காபுறோவில் ஒரே கட்டடத்தில் குடியிருந்தோம். விடிய நாலரைக்கு என் காரில் ஒன்றாகப் புறப்படுவோம். 401 நெடுஞ்சாலை முழுக்க அவன் குதிரைகளின் குணம் சொல்லிக்கொண்டே வருவான். எந்தக் குதிரை மழைக்குப் பயந்தது, எது அவன் சேர்ட்டுப் பொத்தானைக் கடிக்கும் என்றெல்லாம் எனக்குப் பாடம். செலீன்கூட அவ்வளவு கேட்டிருக்க மாட்டாள்.

அவனுக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. வென்ற குதிரையோடு அதன் சொந்தக்காரர்கள் ஒரு சின்ன வேலிக்குள் நின்று படம் எடுப்பார்கள். இக்னேசியஸ் வேலிக்கு வெளியே வாளியோடு நிற்பான், படம் முடியக் குதிரையை வாங்கிப் போக. ஒரு தடவை ஒரு சொந்தக்காரர் நல்ல சந்தோசத்தில் அவனையும் உள்ளே கூப்பிட்டிருக்கிறார். படம் கழுவி வந்தபோது அவனுடைய முழங்கை மட்டும் விழுந்திருந்தது. அந்த முழங்கைப் படத்தை என்னிடம் காட்டி, ஒருநாளைக்கு அந்த வேலிக்குள் சப்பாத்து மினுக்கிப் போட்டுக்கொண்டு முழு ஆளாக நிற்க வேண்டும் என்றான். குதிரை வாங்க உன்ரை மாமனார் சீதனம் தந்தவரோ என்று நான் பகிடி விட்டேன். பிறகு அவன் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. மகள் நடாஷாவிடம் மட்டும் எப்போதோ சொல்லியிருக்கிறான்.

முழங்கால் தேய்ந்து வேலையை விட்டான். நடாஷா பார்மசிஸ்டாகி அஜக்ஸில் வீடு வாங்க, அவனும் செலீனும் அவளோடு போய்ச் சேர்ந்தார்கள். நாலு வருடம் நிம்மதி. 2023 ஏப்ரலில் அவனுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள்.

இக்னேசியஸின் இங்கிலிஷ் குதிரைகளோடு பேசப் போதும், டாக்டரோடு பேசப் போதாது. ஆகவே நடாஷாதான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தாள். எவ்வளவு காலம் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லட்டுமா என்று டாக்டர் கேட்டாராம். அவள் அதை, எவ்வளவு காலம் மருந்து எடுக்க வேண்டும் என்று தமிழில் மாற்றியிருக்கிறாள். அதெல்லாம் டாக்டரின் விருப்பம் என்று சொல்லிவிட்டு இவன் சிரித்தான். பிறகு டாக்டர் நடாஷாவையும் செலீனையும் தனியாக இருத்திச் சொன்னார்: டிசம்பரில் நத்தார் வரைக்கும் இருந்தால் பெரிய காரியம்.

இக்னேசியஸுக்குச் சொல்லக்கூடாது என்று செலீன் மகளிடம் சத்தியம் வாங்கினாள், என்னிடமும் வாங்கினாள். அவளுடைய தம்பி றெமிஜியஸுக்கும் இதே போல வருத்தம் வந்து, டாக்டர் நாளைச் சொன்னதும், அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து மூன்று கிழமையில் போய்விட்டான். நோய் கொல்ல முதல் அந்தச் சொல் கொன்றது என்பது அவள் முடிவு. கட்டி, மருந்துக்குச் சுருங்கும் என்றுதான் இக்னேசியஸுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். எனக்கு இந்த மறைப்பு வேலை அடியோடு பிடிக்காது. ஆனால் ஒரு பெண் கும்பிட்டுக் கேட்கும்போது என்ன சொல்ல?

ஜூனில் அவனுக்கு அறுபத்தைந்து வயது. என்ன பரிசு கொடுப்பது என்று யோசித்த நடாஷா, ஒரு குதிரையை நூறு பங்காகப் பிரித்து விற்கும் திட்டம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். பங்கு வாங்கியவருக்குப் பத்திரம் வரும், லாயத்துக்குப் போய்ப் பார்க்கலாம், குதிரை வென்றால் வேலிக்குள் நின்று படம் எடுக்கலாம். எனக்குப் போன் எடுத்தாள். சனிக்கிழமைகளில் றேஸுக்குப் போய் இரண்டு டொலர் கட்டுகிறவன் என்ற முறையில் நான் அவளுக்கு நிபுணன்.

“அங்கிள், ரெண்டு ஹோர்ஸ் இருக்கு. ஒண்டு பேபி, அடுத்த வருசம்தான் ஓடத் தொடங்கும். மற்றது இப்ப ஓடுது, ஆனா டிசம்பரோடை பங்கு முடிஞ்சிடும். எது பெட்டர்?”

குதிரை தெரிந்த எவனும் குட்டியைத்தான் எடுப்பான். நல்ல தாய்க்குப் பிறந்த ஒரு வயதுப் பெண் குட்டி, இன்னும் பெயர்கூட வைக்கவில்லை, அதன் பங்கு 2025 முடியும்வரை. மற்றது ஐந்து வயது, காயடித்தது, உச்சம் முடிந்தது. என்றாலும் நான் கலண்டரை நினைத்தேன். ஓடுகிறதை எடு பிள்ளை என்றேன். அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள்.

பிறந்தநாள் அஜக்ஸ் வீட்டுப் பின்வளவில் நடந்தது. இருபது பேர் வரை வந்திருந்தோம். அப்பாவுக்கு ஒரு பங்கு வாங்கியிருக்கிறேன் என்று நடாஷா சொன்னதும், அவர்களுடைய தேவாலயத்து ஆள் ஒருவர், எந்தப் பங்கு, புனித யாகப்பரோ என்று கேட்டார். அப்படியென்றால் இனி இவன்தான் குதிரையின் பங்குத் தந்தை என்று நான் சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இக்னேசியஸும் சிரித்துக்கொண்டே பத்திரத்தைப் பிரித்தான். அதோடு திட்டத்தின் சிறு புத்தகமும் இருந்தது. அதில் இரண்டு குதிரைகளின் விபரமும் பக்கம் பக்கமாக இருக்கும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். அவன் பார்த்தான். முதலில் வயதை, பிறகு திகதியை, பிறகு அடுத்த பக்கத்தை. பிறகு தலையை நிமிர்த்தி மகளைக் கொஞ்சினான். செலீன் கேக்கை ஊட்டினாள், தின்றான். மினுக்கிய சப்பாத்துப் போட்டிருந்தான்.

வியாழக்கிழமைகளில் அவனை மருந்தேற்றக் கூட்டிப்போவது என் பொறுப்பு. அந்த வியாழன், ஆஸ்பத்திரிக் கார் தரிப்பிடத்தில் நிறுத்தியதும் அவன் இறங்கவில்லை.

“நடாஷாவுக்குக் குதிரையும் தெரியாது, கழுதையும் தெரியாது. உது உன்ரை வேலை,” என்றான். “இவ்வளவு காலமும் குட்டியைத்தான் பார், குட்டியைத்தான் பார் எண்டு எனக்குச் சொன்ன நீ, எனக்கெண்டு வரேக்கை மட்டும் ஏன் மச்சான் ஓடுறதைக் காட்டினனீ?”

நான் ஏதோ படம், வேலி என்று உளறினேன்.

“எத்தினை மாதமாம்?”

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். என் புத்தி அப்படித்தான் வேலை செய்திருந்தது. வாங்கிய சத்தியம் நினைவிருந்தது. ஆனால் இருபது வருடத்துக்கு மேல் பக்கத்து இருக்கையில் இருந்தவனின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “நத்தார் மட்டும் எண்டு சொன்னவை,” என்றேன். சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அவன்தான் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். எவ்வளவு வெட்கக்கேடு.

கடைசியில் அவன் கேட்டது ஒன்றுதான். செலீனுக்குத் தெரியுமா என்றான். அவளுக்குத்தான் முதலில் தெரியும் என்றேன். அவன் இருக்கைப் பட்டியைக் கழற்றினான்.

“அப்ப நான் அறிஞ்சது அவளுக்குத் தெரியப்படாது. எனக்குத் தெரியாது எண்டு நினைச்சுத்தான் அவள் நிமிந்து நிக்கிறாள். நானும் தம்பியைப் போலை சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கிறன் எண்டு நினைச்சாளோ, அவள் உடைஞ்சுபோவாள்.”

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இக்னேசியஸ் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டான்.

“உந்தக் கிழட்டுக் குதிரை எனக்கு வேண்டாம், பிள்ளை. டிசம்பரோடை முடிஞ்சா அடுத்த வருசம் நான் என்ன செய்யிறது? அந்தக் குட்டியை மாத்தித் தா.”

நடாஷா என்னைப் பார்த்தாள். நான் மீன் முள்ளை எடுப்பதில் மும்முரமாக இருந்தேன். செலீன் அகப்பையோடு நின்றபடியே நின்றாள். இரண்டு மாதமாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம் அவள் முகத்தில் வந்தது. “அவர் கேக்கிறதை மாத்திக் குடன்,” என்று மகளிடம் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். குழாய்த் தண்ணீர் நெடுநேரம் ஓடியது.

இரண்டு கிழமைக்குள் மாற்றலாம் என்ற விதி இருந்ததால் மாற்றிக் கொடுத்தார்கள். அன்றைக்கு அவனைப் பின்வளவுக்கு இழுத்துக்கொண்டு போய், விசரா, அந்தப் படம் உனக்கு வேண்டாமா என்று ஏசினேன். அவன், பக்கத்து வீட்டுக்காரனின் தக்காளி நல்லாய்க் காய்த்திருக்கிறது என்றான்.

ஓகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை அந்தக் கிழட்டுக் குதிரை வென்றது. வெல்லாது என்று நானே அடித்துச் சொல்லியிருந்த குதிரை. அவனுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து ஐபாட்டில் ஒன்றாகப் பார்த்தோம். பங்குக்காரர் முப்பது பேர் வரை வேலிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருத்தருக்காவது குதிரையின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரிந்திருக்குமோ என்னவோ. இக்னேசியஸ் கண் வெட்டாமல் பார்த்தான். செலீன் எட்டிப் பார்த்துவிட்டு, பாருங்கோ, உதை வைச்சிருந்தா இண்டைக்கு நீங்களும் நிண்டிருக்கலாம் என்றாள். அவன் ஐபாட்டை மூடினான்.

“உது கிடக்கட்டும். அடுத்த வருசம் என்ரை குட்டி ஓடேக்கை நீயும் வந்து நில். நல்ல சீலையாய்க் கட்டு.”

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குட்டிக்குப் பெயர் வைக்கப் பங்குக்காரர்களிடம் யோசனை கேட்டிருந்தார்கள். இக்னேசியஸும் செலீனும் இரண்டு பின்னேரம் இருந்து பெயர் தேடினார்கள். தான் பார்க்கப்போவதில்லை என்று அவனுக்குத் தெரிந்த ஓட்டத்துக்கு, அவன் பார்க்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்த ஓட்டத்துக்கு, இரண்டு பேரும் மாறி மாறிப் பெயர் சொல்லிச் சிரித்தார்கள். நான் நடுவில் இருந்து பிளேன் ரீ குடித்தேன். அவர்கள் அனுப்பிய பெயர் வாக்கெடுப்பில் தோற்றது. சில்வர் கெற்றில் என்று வைத்தார்கள். குதிரைக்குத் தண்ணீர் கொதிக்கிற கேத்தில் என்று பெயர் வைக்கிற நாடு இது என்று அவன் சொன்னான்.

நத்தார் வரவில்லை. நவம்பர் ஒன்பதாம் திகதி போய்விட்டான். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. கடைசி வரைக்கும் குட்டி எத்தனை இறாத்தல் கூடியிருக்கிறது என்று நடாஷாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

பங்கு செலீனின் பெயருக்கு மாறியது. அடுத்த வருடம் ஜூலையில் குட்டி முதன்முதலாக ஓடியபோது நடாஷா எங்கள் இருவரையும் கூட்டிப்போனாள். செலீன் நீலச் சீலை கட்டியிருந்தாள். ஒன்பது குதிரையில் குட்டி ஏழாவதாக வந்தது. முதல் ஓட்டத்துக்கு அது மோசமில்லை என்று நான் சொன்னேன். ஓட்டம் முடிந்து, வேர்த்து விறுவிறுத்து வந்த குட்டியை ஒரு பெட்டைப் பிள்ளை கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். செலீன் அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடாஷா காரை எடுக்கப் போயிருந்தாள். செலீன் என் பக்கம் திரும்பினாள்.

“வாகீசன் அண்ணை, நான் செய்தது பிழையோ எண்டு சில நேரம் யோசிக்கிறனான். சொல்லியிருந்தா அந்த முதல் குதிரையையே வைச்சிருந்திருப்பார், அந்தப் படமும் கிடைச்சிருக்கும். ஆனா இவர் குட்டியைத்தானே கேட்டவர். அடுத்த வருசம் இருப்பன் எண்டு நம்பித்தானே கேட்டவர். அந்த நம்பிக்கையோடை போனாரே, அதொண்டுதான் எனக்கு ஆறுதல். கடைசி மட்டும் இவருக்குத் தெரியாது, என்ன?”

“ஓம் தங்கச்சி,” என்றேன். “அவனுக்கு ஒண்டும் தெரியாது.”