யாக்கோபு தாங்கிய பாதம்

என் கணவருடைய வலது காலை எடுக்க வேண்டி வரலாம் என்று போன கோடையில் வேலூர் டாக்டர் சொன்னார். சர்க்கரையால் வந்த புண். உள்ளங்காலில் குழி விழுந்திருந்தது. தினமும் ஆம்பூர் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றினால் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்.

சபை முன்னால் நின்று பேச எனக்குக் கூச்சம். அதனால் எழுதித் தருகிறேன்.

என் கணவர் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் மேஸ்திரி. நம் சபையில் பல வருடம் செயலாளர். இரண்டு இடத்திலும் அவர் சொன்னதை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அப்படிப்பட்டவர் கட்டு மாற்ற பஸ்ஸில் போகும்போது, பக்கத்தில் இருந்த ஒரு பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்துவிட்டாள். புண்ணின் நாற்றம். அதோடு அவர் பஸ் ஏறுவதை நிறுத்திவிட்டார். ஆலயத்துக்கும் வரவில்லை. போதகர் வந்தபோதுகூடத் தூங்குவதாகச் சொல்லச் சொன்னார்.

விடிந்தால் நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியின் வேன் வந்துவிடும். லீவு போட வழியில்லை. வேலை முடிந்து வந்து நானே புண்ணைத் துடைத்துக் கட்டினேன். ஓரம் கறுக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன்.

"காலு போனா போவட்டும். நாலு பேரு மூக்க மூடறத பாக்க முடியாது என்னால."

அன்று அரிசி களைந்தபடியே ஜெபித்தேன். முழங்கால்படியிடத் தெம்பில்லை. ஆண்டவரே, இதற்கு மேல் என்னால் முடியவில்லை, யாரையாவது அனுப்பும் என்றேன். அவ்வளவுதான் ஜெபம்.

அந்த வாரமே யாக்கோபு வந்தார். அதே டேனரியில், பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கும் இடத்தில் என் கணவருக்குக் கீழே வேலை செய்கிறவர். அந்த வேலை செய்கிறவர்கள் எத்தனை தடவை குளித்தாலும் வாடை போகாது. ஃபேன் காற்றில் அது எல்லோர் மேலும் வீசுகிறது என்று சொல்லி, அவர்களை ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்கார வைத்தவர் என் கணவர்தான்.

"யாரு? உள்ள வரவேணாம்னு சொல்லு. புண்ணு நாத்தம் ஜாஸ்தியா கீது" என்றார் என் கணவர்.

யாக்கோபு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "இன்னா மேஸ்திரி, நாத்தத்தப் பத்தி எங்கிட்டயே சொல்றீங்க? எம் மூக்கு செத்து இருவது வருஷமாச்சு. வண்டி எடுத்தாந்துக்கிறேன், வாங்க, ஆஸ்பத்திரி போலாம்."

"யார் சொல்லி வந்த?"

"யாரும் சொல்லல. கோயில்ல அதட்ட ஆளில்லாம பேஜாரா கீது."

என் கணவர் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "உன்ன கடைசில உக்கார வெச்சவன் நான்."

"தெரியும். அங்க காத்தோட்டமாத்தான் கீது. காலக் குடுங்க."

என் கணவர் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். யாக்கோபு விடவில்லை. தரையில் உட்கார்ந்து, வீங்கிய பாதத்தை உள்ளங்கையில் தாங்கி, மெதுவாகச் செருப்பில் நுழைத்தார். அவர் முகம் சுளிக்கவே இல்லை. என் கணவர் அழுதார்.

மழைக்காலம் வரை, ஷிப்ட் முடிந்ததும் யாக்கோபு வந்து கூட்டிப்போனார். எதுவும் சுலபமாக நடக்கவில்லை. சில நாள் என் கணவர் கோபித்துக்கொண்டு படுத்துவிடுவார். யாக்கோபு டீ குடித்துக்கொண்டு காத்திருப்பார். இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். கால் பிழைத்தது. டாக்டர்களுக்கும் நன்றி, அவர்கள் கைகளை நடத்திய ஆண்டவருக்கும் நன்றி.

ஆலயத்துக்குத் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் எழுந்து நின்று, "நான் செஞ்ச ஏற்பாடு தப்பு. அவுங்கவுங்க இஷ்டப்பட்ட எடத்துல உக்காருங்க. என்ன மன்னிச்சிடுங்க" என்றார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. சபை அவரை மறுபடியும் செயலாளராக இருக்கச் சொன்னது. இப்போது கூட்டத்தில் மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறார். அது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நான் இன்னும் களைத்துத்தான் இருக்கிறேன். வேலையும் வேனும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் நாளெல்லாம் நின்றுவிட்டு வீடு திரும்பினால், என் கணவர் நொண்டி நொண்டி உப்பு போட்ட வெந்நீர் கொண்டுவந்து என் காலடியில் வைக்கிறார். முதல் நாள், வேண்டாம் என்று காலை இழுத்துக்கொண்டேன்.

"நானும் இப்பிடித்தான் இழுத்தேன். வையி" என்றார்.

உதவிக்காக ஜெபிக்கிறவர்களே, அது நீங்கள் தள்ளி வைத்தவர் கையால் வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டவர் எங்களுக்கு அந்தக் கையால்தான் கொடுத்தார்.