கணக்குப் புத்தகத்தில் ஒரு பிணம்

எங்கள் வீட்டில் சாதி பார்க்க மாட்டார்கள், பாடம் பார்ப்பார்கள். எந்தப் பாடம் உசத்தி, எது மட்டம் என்பதில் நைனாவுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் லேப்பில் அவருக்கு வேலை. லாரியில் வந்து இறங்கும் சரக்கும், லாரியில் ஏறிப் போகும் சரக்கும் எத்தனை சதவீதம் சுத்தம் என்று சோதித்துச் சொல்ல வேண்டும். காலையிலிருந்து அதையே செய்துவிட்டு வருகிறவர் வீட்டில் மட்டும் சும்மா இருப்பாரா? பால், பெருங்காயம், மிளகாய்த்தூள் எல்லாவற்றுக்கும் ஒரு சதவீதம் சொல்வார். உறவுக்காரர்களும் தப்பவில்லை. அம்மாவின் அண்ணனுக்கு அவர் அறுபதுக்கு மேல் கொடுத்ததே இல்லை.

விஞ்ஞானத்துக்கும் அதே கதிதான். ஒருநாள் டீயை ஆற்றிக்கொண்டே எனக்கு விளக்கினார்.

"பால் மாதிரி வெச்சிக்கோ. கறந்த பாலு மேத்ஸு. அதுல கொஞ்சம் தண்ணி ஊத்துனா பிசிக்ஸு. இன்னும் ஊத்துனா கெமிஸ்ட்ரி. ஊத்திகினே போனா பயாலஜி."

அதற்கும் கீழே மனிதர்களையும் சமூகத்தையும் பற்றி நடக்கும் ஆராய்ச்சிகள் எல்லாம் அவருக்கு டம்ளர் கழுவிய தண்ணீர். தன் பிழைப்பான வேதியியலையே மூன்றாவது இடத்தில் வைத்திருந்ததால் அவரைப் பாரபட்சக்காரர் என்றும் சொல்ல முடியாது.

இதில் எனக்கு என்ன வந்தது என்றால், அக்கா சென்னையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பிடித்தது தவளை.

எட்டாம் வகுப்பில் இருந்தேன். ஏரிக்கரையிலிருந்து தலைப்பிரட்டைகளைப் பிடித்து வந்து ஜாம் பாட்டிலில் வளர்ப்பேன். கால் முளைக்கிற நாளைக் காலண்டரில் குறிப்பேன். நைனா அதைப் பார்த்தால், "பாட்டில நல்லா கழுவி வையி, ஊறுகா போடலாம்" என்பார். அக்கா நோட்டில் எதையாவது கிறுக்கினால் போதும், தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார். காலையில் அவளுக்கு மட்டும் சுடச்சுட நாஷ்டா. அவளை ரயில் நிலையத்தில் விட நைனாவின் வண்டி. நான் பள்ளிக்கு நடந்து போனேன். எனக்கு அவள்மேல் பொறாமை. அதற்கு வேறு பெயர் வைத்து அழகுபடுத்த விரும்பவில்லை. அவள் தலைவாரும் சீப்பைப் பார்த்தால்கூட எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த மார்ச் மாதம் கம்பெனியில் பாதுகாப்பு வாரம் வந்தது. கடைசி நாளில் தொழிலாளர்களின் குடும்பத்தை உள்ளே கூட்டிப் போய்ச் சுற்றிக் காட்டுவார்கள். லேப்புக்குள் கூட்டம் கூடாது என்பதால் லேப்காரர்களுக்கு மட்டும் வீட்டுக்கு ஒரு பிள்ளைதான். நைனா யாரையும் கேட்கவில்லை. அக்காவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, சாப்பாட்டு நேரத்தில் தகவலாகச் சொன்னார்.

"எங்க மேனேஜரு உன்னப் பாக்கணும்னு சொல்லிகினே இருக்காரும்மா."

அக்கா தலை நிமிராமல் ரசம் ஊற்றிக்கொண்டாள். அந்த லேப்பைப் பார்க்க வேண்டும் என்று நான் எத்தனை வருஷமாகக் கேட்டிருப்பேன். மூச்சு விட்டாலே முள் ஆடும் தராசு, கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்கி ஒரே சொட்டில் நிறம் மாறும் திரவம். அது எதையும் கேட்காதவளுக்குக் கிடைக்கிறது, அவளோ ரசம் ஊற்றிக்கொள்கிறாள். என்ன திமிர் என்று நினைத்தேன்.

அழுது பார்த்தேன். "அடுத்த வருசம் நீ" என்றார் நைனா. அழுகைக்கு அவர் மசிய மாட்டார். ரிப்போர்ட்டுக்குத்தான் மசிவார். அது எனக்குத் தெரியும்.

அவர் வேலை செய்கிற முறையை எங்களுக்கு அரிசி மூட்டையில் காட்டியிருக்கிறார். மூட்டையின் மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் அள்ள வேண்டும். ஒன்றாகக் கலந்து ஒரு பிடி எடுக்க வேண்டும். அரிசியாக இல்லாத எல்லாம் அந்நியப் பொருள். அதை எண்ணிக் கணக்குப் போட்டால் மூட்டையின் யோக்கியதை தெரிந்துவிடும். பரண்மேல் அக்காவின் பழைய பிளஸ் டூ புத்தகங்கள் கிடந்தன. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று நாலு மூட்டை. ஒவ்வொன்றிலும் முன்னால், நடுவில், பின்னால் என்று பத்துப் பக்கம் எடுப்பது. அந்தப் பாடத்துக்குச் சொந்தமில்லாத வரிகளை எண்ணுவது. இயற்பியலில் கணக்கு வந்தால் அந்நியம். உயிரியலில் வேதியியல் வந்தால் அந்நியம். கணக்கில் உலகத்துப் பொருள் எது வந்தாலும் அந்நியம்.

இரண்டு நாள் ஒழுங்காக எண்ணினேன். முடிவு வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நைனாவின் வரிசை அப்படியே, கொஞ்சமும் பிசகாமல் வந்திருந்தது. என் உயிரியலில் மூன்று வரிக்கு ஒரு வரி வேதியியலிடம் கடன் வாங்கியது. இரத்தத்தைப் பற்றி எழுதினால்கூட இரும்பு வந்துவிடுகிறது.

மூன்றாம் நாள் நான் மூட்டையில் இடம் பார்த்து அள்ள ஆரம்பித்தேன்.

கணக்குப் புத்தகத்தில் எல்லாப் பக்கமும் யோக்கியமில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். ஒரு பாடம் முழுக்கத் தொங்கு பாலங்களும் வால்மீன்களும் ராக்கெட் வெடியும் இருந்தன. இன்னொன்றில் நகரத்து ஜனத்தொகை பெருகியது. அடுத்த பக்கத்தில் ஒரு பிணமே கிடந்தது. அதன் உடல் சூடு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்து, ஆள் எத்தனை மணிக்குச் செத்தான் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். எனக்குக் கையில் புதையல் கிடைத்த சந்தோஷம். பத்துப் பக்கத்தையும் அந்த இரண்டு பாடங்களிலிருந்தே எடுத்தேன். உயிரியலுக்கு விலங்குகளின் வகைப்பாட்டை எடுத்துக்கொண்டேன். புழு, நத்தை, தவளை, ஓணான் தவிர அங்கே வேறு ஈ காக்கை கிடையாது.

நைனாவின் ஃபார்ம் மாதிரியே கோடு போட்டு எழுதினேன். மாதிரியின் பெயர், எடுத்த பக்க எண்கள், அந்நியப் பொருள், முடிவு. உயிரியல்: முதல் தரம். கணிதம்: ரிஜெக்ட். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அதை அவர் கையில் கொடுத்தேன். "இது சரின்னா லேப்புக்கு நான்தான் வருவேன்" என்றேன்.

நைனா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை. ரிப்போர்ட் என்று எழுதியிருந்தால் அதைப் பார்த்து அவரால் சிரிக்க முடியாது. அக்காவிடம் நீட்டினார்.

"நீ செக் பண்ணும்மா. தப்பு இருந்தா சொல்லு."

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அக்கா புத்தகத்தை எடுத்து, நான் எழுதியிருந்த பக்கங்களைத் திருப்பினாள். ஒரு பாலம், ஒரு வால்மீன், இன்னொரு பாலம். பத்துப் பக்கமும் இரண்டே பாடத்திலிருந்து வருவதை ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி பக்கத்தைத் திருப்பினாள். பிணம் வந்தது. அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்தவள் புரையேறிக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அம்மா ஓடிவந்து அவள் தலையில் தட்டினாள்.

"இன்னாடி ஆச்சு உனுக்கு?"

"ஒண்ணுமில்லம்மா." முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்கா நைனாவைப் பார்த்தாள். "கணக்கு சரியாத்தான் கீது நைனா. இவளையே கூட்டிகினு போ."

நைனாவின் முகம் சுருங்கிப் போனது. ஆனாலும் சரி பார்த்த ரிப்போர்ட்டை அவர் தள்ளுகிற ஆள் இல்லை. மறுநாள் கம்பெனியில் அக்காவின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். கணக்கு படிக்கிறவளையே ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நாளும் வந்தது. முழங்காலுக்குக் கீழே தொங்கும் வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, மூக்கிலிருந்து வழுக்கும் பாதுகாப்புக் கண்ணாடியுடன் லேப்புக்குள் நுழைந்தேன். தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. முள்ளெல்லாம் இல்லை, எண்கள்தான் ஓடின. கடைசி எண் நிற்கவே மாட்டேன் என்றது. நைனா ஒரு சொட்டு விட்டார். குடுவைக்குள் ரோஜா நிறம் பரவியது. நான் இன்னொரு தடவை என்று கேட்க வாயைத் திறந்தபோது மேனேஜர் வந்தார்.

"இதான் உங்க மேத்ஸ் பொண்ணா?"

"இல்ல சார், இது சின்னது. பெரியவளுக்குத்தான் மேத்ஸு."

பிறகு பேச்சு முழுக்கப் பெரியவளைப் பற்றித்தான். அவள் எந்தக் கல்லூரி, எந்த ரயில், எத்தனை மணிக்குப் படிப்பாள் என்று நைனா சொல்லச் சொல்ல மேனேஜர் தலையாட்டினார். மார்க் எப்படி என்று கேட்டார்.

"போன செமஸ்டர்ல எந்தப் பேப்பர்லயும் எழுவதுக்குக் கொறையல சார்."

"ரிசல்ட் காப்பிய ஒரு தடவ கொண்டாங்க. மேல படிக்க ஏதாவது உதவி செய்ய முடியுமான்னு பாக்கலாம்."

நைனா அப்படிக் குழைந்து நான் பார்த்ததே இல்லை. அவர் கையிலிருந்த குடுவையில் ரோஜா நிறம் வெளுத்து மறைந்துகொண்டிருந்தது. நான் அத்தனை பாடுபட்டு உள்ளே வந்தும், வீட்டில் உட்கார்ந்திருக்கிறவள்தான் அந்த லேப்பைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது ஆளுக்கொரு டப்பா மைசூர்பாகு கொடுத்தார்கள். கம்பெனி பஸ்ஸில் நைனாவுக்கு முதுகைக் காட்டி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

வீட்டில் அக்கா மொட்டை மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தராசு பார்த்தாயா, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று ஏதேதோ கேட்டாள். பிறகு ஒரு பாவாடையை உதறிக்கொண்டே, சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள்.

"என்னப் பத்தி யார்னா கேட்டாங்களா? மார்க்கு கீர்க்கு?"

வா, மாட்டினாயா என்று நினைத்தேன். எல்லாரும் தன்னைப் பற்றியே பேசினார்கள் என்று என் வாயால் கேட்க வேண்டுமாக்கும்.

"உன்னப் பத்தி யாரும் ஒரு வார்த்த கூடப் பேசல."

"மெய்யாலுமா?"

"மெய்யாலுந்தான். நைனா கூட சொல்லல. உன்ன யாருக்குமே ஞாபகம் இல்ல."

அக்கா மடித்த துணிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். நெடுமூச்சு விட்டாள். முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். அது கழுவித் துடைத்த மாதிரி தெளிந்தது. என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, வெள்ளைத் தொப்பியில் கலைந்திருந்த என் தலையைப் பின்னிவிட்டாள்.

அந்தச் செமஸ்டரில் அவள் இரண்டு பேப்பரில் தவறியிருந்தாள் என்பது, ரிசல்ட் காப்பியை அவள் இழுத்தடித்துக்கொண்டே வந்ததில், அடுத்த தீபாவளிக்குத்தான் வீட்டுக்குத் தெரிந்தது. எழுபது என்பது நைனாவிடம் அவள் சொல்லி வைத்திருந்த எண். அவர் அதைத் தூக்கிக்கொண்டு போய் மேனேஜர் முன்னால் வைப்பாரே, தான் பக்கத்தில் நின்று சிரிக்க வேண்டுமே என்று அந்த வாரங்களில் அவளுக்குச் சோறு இறங்கவில்லையாம். இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. குத்துவதற்கென்று தேடி எடுத்துச் சொன்ன பொய் அவளுக்கு அப்படி ஓர் ஆறுதலாகப் போய்ச் சேரும் என்று நான் நினைத்தும் பார்க்கவில்லை. அவள் வலிக்காத மாதிரி நடிக்கிறாள் என்றுதான் முடிவு செய்தேன். டப்பாவைத் திறந்து நீட்டியதும், தன் பங்கு மைசூர்பாகையும் எனக்கே கொடுத்துவிட்டாள். அதைத் தின்றுகொண்டே, வேறு எதைச் சொன்னால் இவளுக்கு வலிக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.