தாம்பாளத்துக் கடலை

பழவேற்காட்டில் அக்தர் பேகத்தைத் தெரியாதவர்கள்கூட நூரியைத் தெரிந்து வைத்திருந்தார்கள். நெற்றியில் வெள்ளைப் பொட்டுள்ள செம்பழுப்புக் குதிரை. ஏரிக்கரைக் குப்பங்களில் மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் அதுதான் போகும். கணவர் ரியாசுதீன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். குளிப்பாட்டுவது, பிடரி சீவுவது, சலங்கை கட்டுவது, தீனி வைப்பது எல்லாம் அக்தர். அதிலும் தீனி வைப்பதில்தான் அவளுக்கு உயிர். வீட்டுக்கு வந்த யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை என்று சொல்லிக்கொள்வாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

கல்யாணத்தன்று குதிரைக்குத் தாம்பாளம் வைப்பது அந்தக் குப்பங்களின் பழக்கம். ஊற வைத்த கொண்டைக்கடலை, உடைத்த வெல்லம், வாழைப்பழம். முதலில் மாப்பிள்ளையின் அம்மா வைப்பாள், பிறகு அத்தை, பிறகு சித்தி. குதிரை மிச்சம் வைத்தால் மணமக்களுக்குக் குறை வரும் என்று ஒரு நம்பிக்கை. நூரி மிச்சம் வைத்ததை அக்தர் முந்தானையில் கட்டி வந்து வீட்டில் ஊட்டி முடித்துவிடுவாள். கொடுத்த கைக்கு மரியாதை செய்ய வேண்டாமா?

போன சித்திரையில், சென்னையில் கால்நடை மருத்துவம் படிக்கும் காவியா ஒரு நோட்டோடு வந்தாள். கரையோரக் குதிரைகளுக்குக் குளம்பு நோய் ஏன் வருகிறது என்று ஆராய்ச்சியாம். லேமினைடிஸ் என்று ஒரு பெயர் சொன்னாள். அக்தருக்கு அது வாயில் நுழையவில்லை.

"குதிரைக்கு இன்னா தீனி போடுவீங்கம்மா?"

"புல்லு, கொஞ்சம் தவுடு. அவ்ளோதான் கண்ணு."

"கல்யாண வீட்ல கடலை, வெல்லம்?"

"அய்ய, அதெல்லாம் எங்க!"

உண்மையைச் சொன்னால் கொடுத்த வீடுகளைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்கு நினைப்பு. அவள் மட்டுமா? காவியா கேட்ட அத்தனை பேரும் புல் என்றே சொல்லியிருந்தார்கள். அந்த நோட்டை நம்பினால் இந்தக் கரையோரக் குதிரைகள் எல்லாம் விரதம் இருக்கின்றன என்றுதான் நினைக்க வேண்டும்.

வைகாசியில் இரண்டே நாளில் மூன்று கல்யாணம். மூன்று வீட்டுத் தாம்பாளத்திலும் முக்கால்வாசி நூரியின் வயிற்றுக்குள் போனது; மிச்சத்தை அக்தர் முந்தானையில் கட்டி வந்தாள். மறுநாள் காலை அது முன்னங்கால்களை முன்னால் நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு நின்றது. கூப்பிட்டால் ஓரடி எடுத்து வைக்கவில்லை.

"முள்ளு குத்தியிருக்கும்," என்று ரியாசுதீன் குளம்பைத் தூக்கித் தேடினார். முள் இல்லை.

அலைந்ததில் சோர்ந்துவிட்டது என்று அக்தர் முடிவு கட்டினாள். சோர்வுக்கு அவளுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். அவர் கடைத்தெருவுக்குப் போனதும், மிச்சமிருந்த கடலையை வெல்லம் சேர்த்து முழுசாக ஊட்டினாள். நூரியும் மறுக்காமல் தின்றது.

அடுத்த நாள் அது படுத்துவிட்டது. குளம்பில் கை வைத்த அக்தர் வெடுக்கென்று கையை எடுத்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலச் சுட்டது. அவள்தான் காவியாவுக்குப் போன் செய்தாள். மதியத்துக்குள் காவியா ஒரு டாக்டரோடு வந்து சேர்ந்தாள்.

டாக்டர் குளம்புக்கு மேலே விரலை வைத்துத் துடிப்பைப் பார்த்தார். "மூணு நாளா இன்னா சாப்டுச்சு?"

"புல்லுதான் சார்," என்றார் ரியாசுதீன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கால்ல அடிபட்டிருந்தா வைத்தியம் வேற, தீனியால வந்திருந்தா வேற."

நூரி தலையைத் தூக்கி, வழக்கம்போல அக்தரின் முந்தானையை மோந்தது. அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"கடலை துன்னுச்சு சார். மூணு வூட்டுத் தாம்பாளம். நேத்து காலையில வேற நான் ஊட்டினேன். இது படுத்ததுக்கு நான்தான் காரணம்."

"நேத்துமா?" என்றார் ரியாசுதீன். அவள் தலையாட்டினாள். அவர் திட்டவில்லை. எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

காவியா பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். கடலையும் வெல்லமும் அளவுக்கு மீறினால் குதிரையின் குடல் கெட்டு நஞ்சு ஊறும், அது ரத்தத்தில் கலந்து குளம்புக்குப் போகும். குளம்பின் வெளிக்கூட்டையும் உள்ளே இருக்கும் எலும்பையும் மெல்லிய ஏடுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவை வீங்கும். கூட்டுக்குள் வீங்க இடம் இல்லை. பிடி விட்டால் எலும்பு கீழே இறங்கிவிடும். "முழங்காலுக்குக் கீழ ஐஸ்ல வைக்கணும்மா. மூணு நாள். நடுவுல சூடு ஏறவே கூடாது."

ஐஸ் என்றதும் அக்தர் எழுந்தாள். பத்து வருஷம் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை செய்தவள். ஐஸை எப்படி நொறுக்கினால் இடைவெளி விடாமல் நிற்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மீன் விற்கும் கோமளா, அவளுடைய சிநேகிதி, படகுத்துறையிலிருந்து கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினாள். நூரியின் கால்களைச் சாக்குப்பைக்குள் விட்டு, ஐஸை அடைத்து, வாயைக் கட்டினார்கள். கரையக் கரைய அடைத்தார்கள். மூன்று நாளும் அக்தரின் விரல்கள் விறைத்துப் போயிருந்தன. அந்த வலி தனக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

உயிர் தங்கியது. ஆனால் எக்ஸ்ரேயில் எலும்பு கொஞ்சம் சாய்ந்திருந்தது. இனி முதுகில் ஆள் ஏறக் கூடாது, ஊர்வலம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரியாசுதீன் மீன் வண்டி ஓட்டப் போனார்.

காவியா நோட்டில் பழைய 'புல்'லை அடித்துவிட்டு உள்ளதை எழுதினாள். அதுவரை அவளுக்குக் கிடைத்த உண்மையான பதில் அது ஒன்றுதான். பிறகு அக்தரையும் கூட்டிக்கொண்டு குதிரை வைத்திருப்பவர்களைத் தேடிப் போனாள். அக்தர் எடுத்த எடுப்பில், "என் குதிரைக் காலை நானே கெடுத்தேன்," என்பாள். எதிரில் இருப்பவர் தலையைச் சொறிவார். "அட, நம்ம குதிரையும்தான் கொஞ்சம் கடலை துன்னுது," என்பார். அப்படித்தான் ஆரம்பாக்கம் சீனிவாசனின் வாயும் திறந்தது. அக்தர் அழாமல் அந்தக் கதையைச் சொன்னதே இல்லை.

தை மாதம் கோமளா மகனுக்குக் கல்யாணம். சீனிவாசனின் வெள்ளைக் குதிரை வந்தது. மாலை வெயிலில் கோமளா பட்டுச் சேலையோடு தாம்பாளத்தை ஏந்தி வந்தாள். சீனிவாசன் அக்தரைப் பார்த்தார். கல்யாண வீட்டில் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அக்தர் குறுக்கே போய் நின்றாள்.

"வாணாம் கோமளா."

"இன்னாக்கா இது? என் புள்ள கல்யாணத்துல?" கோமளாவின் முகம் சுருங்கியது. சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

"ஐஸ் தூக்கினு வந்தியே, மறந்துட்டியா? உன் புள்ளைக்குக் குறை வராது. குதிரை துன்ன வேண்டியத நான் துன்றேன். இங்கியே, உன் எதிர்லயே."

கோமளா தாம்பாளத்தைக் குதிரையின் நெற்றியில் ஒற்றி எடுத்து, அக்தரிடம் நீட்டினாள். அக்தர் தெருவிலேயே நின்று ஒரு பிடி கடலையை வெல்லத்தோடு மென்றாள். மிச்சத்தைச் சுற்றி நின்ற பிள்ளைகள் காலி செய்தார்கள். கோமளா ஓடிப்போய் ஒரு கட்டுப் பச்சைப் புல் கொண்டுவந்து குதிரையின் முன் போட்டாள்.

வீடு திரும்பியதும் நூரி கனைத்தது. மெல்ல நாலடி நொண்டி வந்து, எங்கே என் பங்கு என்பது போல அவள் கையை மோந்தது. விரலில் வெல்லம் ஒட்டியிருந்தது.

அக்தர் கையை இழுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். சோப்புப் போட்டு வாசனை போகும்வரை கழுவினாள். பிறகு வந்து, வெறும் கையால் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.