கால்நடை மருத்துவத்துக்குப் பின்னால் ஒரு கைடு

தொண்ணூறுகளின் நடுவில், ஆவடியில் ஒரு தொழிலாளர் சங்கம் நடத்திய நூலகத்தில் நடந்தது இது. அப்பா தொழிற்சாலையில் ரிடையர் ஆகப்போகிற வருடம். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் எனக்கு ஒரு வேலை கிடைத்தாக வேண்டும். அதனால் அரசு எழுத்தர் தேர்வுக்கு விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்தேன்.

தேர்வுக்கான தடிமனான கைடு அங்கே ஒரே ஒரு பிரதிதான். வீட்டுக்குத் தர மாட்டார்கள். உட்கார்ந்து படித்துவிட்டு வைத்துவிட வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற வேலையைத்தான் நானும் செய்தேன். கிளம்பும்போது அதைக் கால்நடை மருத்துவப் புத்தகங்களுக்குப் பின்னால் செருகிவிட்டு வருவேன். ஆட்டுக்குக் கழிச்சல் வந்தால் என்ன செய்வது என்று ஆவடியில் யார் படிக்கப்போகிறார்கள்?

ஒரு நாள் எடுத்துப் பார்த்தால், நான் அடையாளம் வைத்த பஸ் டிக்கெட்டுக்கு நிறையப் பக்கம் தள்ளி ஒரு ரயில் டிக்கெட். வேறு யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் வேறெங்கும் மாற்றி ஒளிக்காமல் அதே இடத்திலேயே வைத்திருந்தார்கள். காலையில் அந்த ஆள், மதியத்துக்கு மேல் நான். மாதக்கணக்கில் இப்படியே ஓடியது. எப்போதும் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த அந்த ரயில் டிக்கெட்டைப் பார்த்தால் எரிச்சலாக வரும்.

அந்தச் சமயத்தில் யாரோ நன்கொடையாகக் கொடுத்த கம்ப்யூட்டர் நூலகத்துக்கு வந்தது. சில வாரம் மூடி, எல்லாப் புத்தகத்துக்கும் எண் ஒட்டினார்கள். திறந்த அன்று ஓடினேன். ஆட்டு வைத்தியத்துக்குப் பின்னால் வெறும் தூசி. இனிமேல் கைடுகளையும் வீட்டுக்குத் தருகிறோம் என்றார் நூலகர் பெருமையாக. பிறகு நான் கேட்ட கைடைத் திரையில் பார்த்து, இதை ஒருவர் காலையிலேயே எடுத்துப் போய்விட்டார், திரும்பி வருவதற்குள் தேர்வு முடிந்துவிடும் என்றார்.

"நல்லா இருந்த லைப்ரரியை இந்தப் பொட்டி கெடுத்துடுச்சு சார்" என்று சொல்லிவிட்டேன். ஒளித்து வைத்த கதையையும் சேர்த்து உளறினேன்.

அவர் கோபப்படவில்லை. "இன்னாம்மா நீ, ஒளிச்சி வெச்சிகினே இருந்தா இந்த புக்குக்கு இத்தினி பேரு அலையிறீங்கன்னு எனக்கு எப்டி தெரியும்? ஒருத்தரும் தொடறதில்லன்னு கழிச்சிக்கட்ட இருந்தேன். பேரச் சொல்லு, அடுத்த ஆளா போட்டு வெக்கிறேன்."

நம்பிக்கையில்லாமல்தான் பெயரைச் சொன்னேன். அந்த வாரமே கைடை எடுத்த பெண் வேறு புத்தகம் மாற்ற வந்திருக்கிறார். ஒரு பெண் காத்திருக்கிறாள் என்று நூலகர் திரையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். மறுநாள் மதியம் நான் போனபோது, மடியில் கைடோடு எனக்காக உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் மதியம் தொடங்கும் இரண்டாவது ஷிப்ட், அன்று வார விடுமுறை. வீட்டில் சின்னக் குழந்தைகள். வயது வரம்பில் அவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

"பஸ் டிக்கெட்டு நீதானா? ஊட்ல வெச்சிகினு நா இன்னா பண்றது, புள்ளைங்க எங்க படிக்க வுடுதுங்க. கணக்கு மட்டும் எனக்கு சுத்தமா ஏறல. உனக்கு வருமா?"

போட்டிக்காரிக்கு யாராவது புத்தகத்தைத் தூக்கிக் கொடுப்பார்களா? நான் ஒளித்து வைத்ததை நினைக்க வெட்கமாக இருந்தது. தேர்வு வரைக்கும் அவர் ஷிப்டுக்குப் போகும் முன் ஒரே மேசையில் படித்தோம். நான் கணக்கு சொல்லிக்கொடுத்தேன், அக்கா எனக்குப் பொது அறிவு.

அக்காவுக்கு வேலை கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. நன்றாக அழுதேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்து பட்டாபிராமில் ஓர் அறை வீட்டுக்குப் போனோம். காத்திருப்போர் பெயர்களைச் சங்கத்தில் காட்டி நூலகர் இன்னும் சில பிரதிகள் வாங்கிவிட்டார். அதில் ஒன்றைப் படித்துத்தான் அடுத்த முறை தேறினேன்.

கம்ப்யூட்டர் வந்து மனிதர்களைப் பிரித்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் வாதாடுவதில்லை. ஆனால் மாதக்கணக்கில் ஒரே புத்தகத்தைப் புரட்டியும் முகம் பார்க்காத எங்கள் இருவரையும் ஒரு மேசையில் உட்கார வைத்தது அந்தப் பொட்டிதான் என்று எனக்குத் தெரியும்.