பொட்டு வைத்த ஸ்விட்ச்

திருவொற்றியூர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்குக் கம்ப்யூட்டர் அறை வேலை. அங்கே நான் பயந்து தொடுவது ஒரே பெட்டியைத்தான்: சர்வர்களையும் டிஸ்க் அலமாரியையும் இணைக்கும் ஸ்டோரேஜ் ஸ்விட்ச். முகப்பில் வரிசையாகத் துளைகள். எந்தத் துளையில் சர்வரைச் செருகுகிறோமோ, அந்தத் துளைக்கு ஒதுக்கிய டிஸ்க்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். மாற்றிச் செருகினால் அடுத்தவன் டிஸ்க் கைக்கு வந்துவிடும். இதை எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பேன், பெரிய மேதாவி மாதிரி!

ஆயுத பூஜைக்கு லாரி, கிரேன் எல்லாம் கழுவிப் பொட்டு வைத்தார்கள். என் பெட்டி மட்டும் என்ன பாவம் செய்தது? எல்லாவற்றையும் அணைத்து, கேபிள்களை உருவி, தூசி துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். துளை எண்களின் மேலேயே அப்பியிருக்கிறேன் என்பது திரும்பச் செருகும்போதுதான் உறைத்தது. வெளியே பொரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவசரத்தில் கைப்பழக்கத்தை நம்பிச் செருகினேன். கணக்கு சர்வர் எழுந்ததும், புதிய டிஸ்க் தெரிகிறது, ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. சரி என்று அழுத்தித் தொலைத்தேன். அது கேட் கேமராவின் டிஸ்க். பதிவு மொத்தமும் போயிற்று.

அதற்கு முந்தைய வாரம்தான் எங்கள் லோடுமேன் ஒருவர் கன்டெய்னர் மேலிருந்து விழுந்து செத்துப்போனார். அன்று அவர் வேலைக்கே வரவில்லை, வெளியே எங்கோ விழுந்தார் என்று நஷ்டஈட்டைத் தட்டிக்கழிக்கக் கான்ட்ராக்டர் சாதித்தான். கூட வேலை பார்த்தவர்கள் வாய் திறக்கவில்லை. அவர் உள்ளே வந்ததற்கு அந்தப் பதிவு ஒன்றுதான் சாட்சி.

பூஜை முடிந்த மூன்றாம் நாள் அவர் மனைவி எர்ணாவூரிலிருந்து வந்தார். மெஷின் கோளாறு, எல்லாம் அழிந்துவிட்டது என்றேன். என் கைவேலை என்று சொல்லவில்லை. அந்த அம்மா திட்டவில்லை.

"ரெகார்டு போனா போவட்டும்ணா. அன்னிக்குக் காலைல அவரு வந்தத நீங்க பாத்தீங்களா?"

பார்த்தேன். கேட் அருகே அவரோடு நின்று டீ குடித்தேன். பெண்ணுக்குக் காது குத்தப்போகிறோம், கட்டாயம் வரவேண்டும் என்றார். ஆனால் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் நின்றிருந்தார், அவர் கான்ட்ராக்டர் கட்சி. உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடும்.

"கவனிக்கலம்மா" என்றேன்.

அந்த அம்மா வாசலில் விட்ட செருப்பை மாட்டிக்கொண்டார்.

"தெனம் காலைல உங்க கூடதான் டீ குடிப்பேன்னு சொல்லிக்கினே இருப்பாருண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார்.