இளவரசியின் பெயரால் கொடுத்த ரொட்டி

கல்முனைக்குடி ஸுஹைறா தன் பெயருக்கு ஓதிய கத்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவள். அவள் பிறக்கும் முன்னே, சுனாமியில் வாப்பா காலிதீனின் முதல் மனைவியும், அவர்களுடைய மகள் மூத்த ஸுஹைறாவும் கடலோடு போனார்கள். பிறகு காலிதீன் மனைவியின் தங்கை ஜுனைதாவைக் கலியாணம் முடித்தார். ஜுனைதா தனக்குப் பிறந்த பெண்ணுக்கும் அந்தப் பெயரையே வைத்தாள். ஒவ்வொரு டிசம்பரிலும் பள்ளிவாசல் லெப்பை வந்து, இறந்தவர்களுக்காகக் கத்தம் ஓதி, மௌத்தானவர்களின் பெயர்களைச் சொல்லி துஆக் கேட்பார்; பிறகு எல்லாருக்கும் நெய்ச்சோறு கொடுப்பார்கள். "ஸுஹைறா" என்று வரும்போது சின்னவள் தலையைக் குனிந்துகொள்வாள். வேறு யாருடைய இடத்திலோ தான் குந்தியிருப்பதுபோல அவளுக்குப் படும்.

பல்கலைக்கழகத்தில் கடைசி வருட ஆய்வுக்கு, ஐரோப்பாவில் எண்ணூறு வருடத்துக்கு முந்திய ஒரு சிறிய அரச குடும்பத்தை எடுத்தாள். அதில் பியாத்ரிஸ் என்ற இளவரசியிடம்தான் எல்லாம் முடங்கி நின்றது. ஓர் ஏடு அவளை மூத்த ராணியின் மகள் என்றது. மற்ற ஏடு இளைய ராணியின் மகள் என்றது, பிறந்த ஆண்டையும் ஒன்பது வருடம் பிந்திப் போட்டிருந்தது. இதைத் தீர்க்காமல் ஆய்வு கரை சேராது.

"ராணிமாருக்குத் தீர்ப்புச் சொல்ல நீதானாடி ஊர் விதானை?" என்று கூட்டாளி அப்னா சிரித்தாள். "பேசாம ஒரு ஏட்ட வெட்டிப் போட்டு எழுதி முடி."

விரிவுரையாளர் மசூரும் அதையேதான் வேறு மாதிரிச் சொன்னார். "ஒரு ஆள் பிழையா எழுதியிருக்கான். எவன் எண்டு காரணத்தோட சொல்லுங்க."

மூத்த ராணியின் மகள் என்று சொன்ன ஏட்டை வெட்டிவிடவே ஸுஹைறா நினைத்தாள். அப்போதுதான் ஒரு மடத்தின் பழைய குறிப்பு கண்ணில் பட்டது. பியாத்ரிஸின் பெயரால் வருடந்தோறும் ஒரே நாளில் ஏழைகளுக்கு ரொட்டி. இளவரசி நலமாக வாழ அரசன் கொடுத்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். ஆனால் அது தொடங்கிய ஆண்டு, அந்த இரண்டு பிறந்த ஆண்டுகளுக்கும் நடுவில் கிடந்தது; இளைய ராணியின் மகள் அப்போது பிறக்கவேயில்லை. இளவரசி கலியாணம் முடித்து வேறு நாட்டுக்குப் போன பிறகும் ரொட்டி நிற்கவில்லை.

ஸுஹைறாவுக்கு நெய்ச்சோற்று வாசம் வந்தது போலிருந்தது.

"இது கத்தம்" என்றாள் வாய்விட்டு.

மூத்த ராணியின் மகள் சின்ன வயதிலேயே இறந்திருக்கிறாள்; ரொட்டி கொடுத்தது அவள் இறந்த நாளில். இளைய ராணி தன் மகளுக்கும் அந்தப் பெயரை வைத்திருக்கிறாள். இரண்டு ஏடுகளும் சரி.

அன்று குசினியில் உம்மாவைக் கேட்டாள். "எனக்கு ஏன் உம்மா அவட பேர வெச்ச?"

ஜுனைதா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "நான் தூக்கி வளத்த புள்ள அவ. அந்தப் பேர ஊட்டுக்குள்ள கூப்பிடாம இருக்க எனக்கு ஏலாமப் போச்சு. ஆனா அவட சாடை உனக்கு ஒரு துளியும் இல்ல. அவ பூனைக்குட்டி மாதிரி அமைதி. நீ பொறந்த அண்டைக்கே ஊரைக் கூட்டினாய்."

மசூர் சேர் ஆய்வை இரண்டு தரம் வாசித்தார். "வம்சாவளிப் படத்தில மூத்தவக்கும் ஒரு பெட்டி போடுங்க" என்று மட்டும் சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

அந்த டிசம்பரில் லெப்பைக்குப் பெயர்களைச் சொன்னது ஸுஹைறாதான்.

"மூத்தவ ஸுஹைறா எண்டு சொல்லிக் கேளுங்க."

"அப்ப இளையவக்கு?"

"எனக்கு நல்ல ரிசல்ட் வரக் கேளுங்க."

"அதுக்கு இன்னொரு தட்டுச் சோறு வேணுமே" என்றார் லெப்பை. ஜுனைதா சிரித்துக்கொண்டே குசினிக்கு எழும்பிப் போனாள்.